விளையாட்டிலிருந்து எடுத்த கல்

08.02.2026

தம்பி துஷாந்துக்கு,

காகிதத்தில் என் கையெழுத்தைப் பார்த்ததும் பதறிவிடாதே. கையும் காலும் முழுசாகத்தான் இருக்கின்றன. சண்டை தொடங்கிய மூன்றாவது வாரமே எங்கள் போன்களை வாங்கி இரும்புப் பெட்டியில் பூட்டிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு மணி நேரம் தருவார்கள். அதையும் சீருடை போட்ட ஒருவன் பக்கத்தில் நின்று பார்ப்பான். அம்மாவிடம் ‘சாப்பிட்டேன், தூங்கினேன்’ என்பதற்கு மேல் நான் பேசாதது அதனால்தான். அக்காவுக்குப் பணத்திமிர் வந்துவிட்டது என்று அவளிடம் சொன்னாயாமே, அதை நேரில் வந்து விசாரித்துக்கொள்கிறேன்.

பதுளை பஸாரில் கடை வைத்திருக்கும் பவாஸ் நானாவுக்கு இங்கேயும் ஒரு சாமான் கடை இருக்கிறது. அவருடைய ஆட்கள் வாரத்துக்கு ஒருவராவது பக்கத்து நாட்டு விமான நிலையம் வழியாக ஊருக்குப் போய் வருகிறார்கள். பதிலை எழுதி அவர் கடையில் கொடு. மசாலாப் பெட்டிக்குள் வைத்து அனுப்புவார்கள்.

வேலை பழைய வேலைதான். கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் இந்தத் தொழிற்சாலையைக் கூட்டித் துடைக்க நாங்கள் பதினொரு பெண்கள் இருக்கிறோம். தண்ணீர் கொடுக்கும் இடத்தில் யாரும் குண்டு போடமாட்டார்கள் என்று மேற்பார்வையாளர் தைரியம் சொன்னார். முந்தாநாள் மதியம் சைரன் அடித்தபோது முதலில் மேசைக்கு அடியில் போனவர் அவர்தான். நான் இரண்டாவது.

இன்னொரு விஷயம். போன வாரம் சமையலறையில் வேலை செய்யும் நேபாளக்காரர் ஒருவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் போனில் ஒரு விளையாட்டு இருந்ததாம். இந்த நகரத்தில் குண்டு விழுவது அப்படியே அதில் வருமாம். அது மக்களைப் பயமுறுத்துகிறது, எதிரிக்கு வழி காட்டுகிறது என்று அரசாங்கம் தடை போட்டிருக்கிறது. விற்கிற கம்பெனிகளுக்கும் உத்தரவு போயிருக்கிறதாம். வைத்திருந்தாலே சிறை. நீ அந்தத் தொழிலில்தானே இருக்கிறாய். எந்த மடையன் இப்படி ஒன்றைச் செய்தான் என்று உனக்குத் தெரியுமா?

அக்கா கலாராணி


17.02.2026

அக்காவுக்கு,

அந்த மடையன் நான்தான்.

நான்கு நாளாக எழுதிக் கிழித்து எழுதுகிறேன். முழு விளையாட்டையும் நான் செய்யவில்லை. கம்பெனி வெளிநாட்டில் இருக்கிறது, கொழும்பில் ஒரு சின்ன அலுவலகம், நான் பதுளை அறையில் இருந்து இடங்களை வரைந்து கொடுப்பவன். இது உனக்குத் தெரியும். இந்த விளையாட்டில் துப்பாக்கியே கிடையாது. ஒரு தாய் வீட்டில் இரண்டு பிள்ளைகளை விட்டுவிட்டு, கையில் கேனோடு தண்ணீர்த் தொழிற்சாலைக்குப் போய்த் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்ப வேண்டும். சைரன் அடித்தால் எங்கே ஒதுங்குவது என்று விளையாடுபவர் முடிவு செய்ய வேண்டும். அவ்வளவுதான். அது வெளிவந்து ஐந்து வாரத்தில் அங்கே உண்மையாகவே சண்டை வந்துவிட்டது.

வரைவதற்கு எனக்குப் படங்கள் தேவைப்பட்டன. போன தீபாவளிக்கு முன் உன்னிடம் கேட்டேனே, நீ வேலை செய்கிற இடம் எப்படி இருக்கும், ஆசையாக இருக்கிறது, அனுப்பு என்று. நீ நாற்பது படம் அனுப்பினாய். வாசல், இரும்புப் படி, பம்ப் வீடு எல்லாம். ஆசை என்று சொன்னது பாதிதான் உண்மை. எதற்கு என்று உன்னிடம் சொல்லாமல் எல்லாவற்றையும் விளையாட்டில் வைத்தேன்.

அந்த அரசாங்கத்தின் கடிதம் வந்த இரண்டாம் நாளே கம்பெனி அந்த நாட்டில் விளையாட்டை நிறுத்திவிட்டது. இங்கே யாரும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. நானும் பேசவில்லை. அதோடு போய்விடும் என்று நினைத்தேன். இப்போது இரண்டாவது கடிதம் வந்திருக்கிறது. தொழிற்சாலையின் உள்பக்கம் உங்களுக்கு எப்படித் தெரியும், யார் படம் கொடுத்தது, பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்கிறார்கள். கொழும்பில் எங்களுக்குப் பொறுப்பாக இருக்கும் ரிஸ்கா மிஸ் எல்லாரிடமும் கேட்டார். நான் கற்பனையில் வரைந்தேன் என்று சொல்லியிருக்கிறேன்.

அக்கா, அந்தப் படங்கள் உன் போனில் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே அழித்துவிடு. இந்தக் கடிதம் அதற்குள் உன் கைக்கு வருமா என்றுதான் தெரியவில்லை.

துஷாந்த்


26.02.2026

துஷாந்துக்கு,

உன்னை என்ன சொல்லித் திட்டுவது என்று தெரியவில்லை. தெரிந்த வார்த்தையெல்லாம் மனசுக்குள் சொல்லி முடித்துவிட்டேன்.

படங்கள் இருந்த போன் டிசம்பரிலேயே தரை துடைக்கும் வாளிக்குள் விழுந்து செத்தது. அதற்காக அன்று அழுதேன். இப்போது அந்த வாளியைக் கும்பிடலாம் போலிருக்கிறது. ஆனால் உன் கடிதம் வருவதற்கு முதல் நாளே அவர்கள் வந்துவிட்டார்கள்.

மூன்று அதிகாரிகள், ஒரு மொழிபெயர்ப்பாளர். விளையாட்டிலிருந்து எடுத்த பத்துப் படங்களைத் தாளில் அடித்துக்கொண்டு வந்து சாப்பாட்டு மண்டபத்தில் வரிசையாக ஒட்டினார்கள். பெண்கள், ஆண்கள், பொறியியலாளர் என்று எல்லாரையும் பார்க்கச் சொன்னார்கள். வாசல், படி, குழாய்கள். இவை யார் எடுத்த படம் என்று கேட்டார்கள். எல்லாரும் தலையை ஆட்டினோம். எட்டாவது படத்துக்கு வந்தோம். பம்ப் வீட்டுக்குப் பின்னால் நான் வைத்த கல் அதில் இருந்தது.

இங்கே வந்த முதல் வாரம் நான் அதை நட்டேன். நம் அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின் ஓடுகிற இடத்தில் ரோதை முனிக்கு ஒரு கல் வைத்து, வெள்ளிக்கிழமை எலுமிச்சம்பழம் வெட்டிவிட்டுத்தான் சுவிட்சில் கை வைப்பார். ரோதை, அந்தப் பெரிய சக்கரம், சுற்றுகிற இடத்தில் முனி காவல் இருப்பார், கேட்காமல் வேலை தொடங்கினால் கையை எடுத்துவிடுவார் என்பார். இங்கே வீடு அளவுக்குப் பம்புகள் சுற்றுகின்றன. யாரும் எந்தச் சாமியையும் கேட்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. ஒரு கல்லைக் கழுவி வைத்து, மூன்று பட்டை விபூதி பூசி, பொட்டு வைத்தேன். அதைப் படம் எடுத்து உனக்கு அனுப்பினேன், பார்த்தால் சந்தோஷப்படுவாய் என்று.

படிக்கட்டு உலகத்தில் எங்கேயும் இருக்கும். இந்தக் கல் வேறு எங்கே இருக்கும், சொல்லு. அதையுமா வரைவாய்?

அவர்களுக்கு அது என்னவென்று தெரியவில்லை. மற்றப் படங்களைப் போலவே பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். நல்லவேளை. நீ இனி எதையும் தொடாதே, எதையும் பேசாதே.

அக்கா


09.03.2026

அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பவாஸ் நானாவின் கடை வாசலிலேயே நின்று படித்தேன். அப்பாவுக்காகத்தான் அந்தக் கல்லை வைத்தேன். விளையாட்டில் அந்தத் தாய் அதன் பக்கத்தில் ஒதுங்கினால் அவளுக்கு ஒன்றும் ஆகாது. அப்படி அமைத்திருந்தேன். யாருக்கும் தெரியாமல் அப்பா அதில் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

உன் கடிதம் வந்த அன்றே அதை எடுத்துவிட்டேன். வாராவாரம் சின்னச் சின்னப் பிழைகளைத் திருத்தி அனுப்புவோம். அந்தத் திருத்தத்தோடு சேர்த்துக் கல்லையும் நீக்கி, அந்த இடத்தில் வெறும் மண் போட்டுவிட்டேன். ரிஸ்கா மிஸ்ஸுக்குக்கூடத் தெரியாது. அங்கே தடை இருந்தாலும் ஆட்கள் களவாக வைத்திருக்கிறார்கள், அதிகாரிகளும் வைத்திருப்பார்கள். இனி யார் திறந்து பார்த்தாலும் கல் இருக்காது. கொஞ்சம் நிம்மதியாக இரு.

நீ தொடாதே என்று எழுதியிருந்தாய். தெரியும். கையைக் கட்டிக்கொண்டு என்னால் உட்கார முடியவில்லை. படியில் யாராவது ஏறி வந்தால் எழுந்து கதவைத் தாழ்ப்பாள் போடுகிறேன். நேற்று வந்தவர் தண்ணீர் பில் கொடுக்கிறவர். அவரிடம் நான் தடுமாறியதைப் பார்த்து அவரே பயந்துவிட்டார்.

புதுவருசத்துக்கு வந்துவிடு அக்கா. லீவு கேட்டுப் பார். அம்மா அப்புத்தளைத் தோட்டத்து லயத்து வீட்டில் உனக்காக இப்போதே ஓமப்பொடிக்கு மா இடித்து வைத்திருக்கிறாள்.

துஷாந்த்


20.03.2026

துஷாந்துக்கு,

நீ நிம்மதியாக இருக்கச் சொன்னாய். என்ன நடந்தது என்று கேள்.

அதிகாரிகள் திரும்பவும் வந்தார்கள். இந்த முறை பத்துப் படம் இல்லை. இரண்டே படம். ஒன்றில் கல் இருக்கிறது, மற்றதில் வெறும் மண். பழைய விளையாட்டையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ‘நாங்கள் விசாரித்த பிறகு இந்த ஒன்றை மட்டும் ஏன் அவசரமாக எடுத்தார்கள், அப்படியானால் இதை வைத்தவன்தான் படம் கொடுத்தவன்’ என்று மொழிபெயர்ப்பாளர் எங்களுக்குச் சொன்னார். நேராகப் பம்ப் வீட்டுக்குப் பின்னால் போனார்கள். கல்லுக்கு முன்னால் கற்பூரச் சாம்பல் இருந்தது.

சாம்பல் என்னுடையது இல்லை. பம்ப் வீட்டில் எண்ணெய் போடும் வேலை செய்கிற மாடசாமி அண்ணனுடையது. அவரைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன். மீரியபெத்த மண்சரிவில் வீட்டையும் வீட்டு ஆட்கள் இரண்டு பேரையும் பறிகொடுத்தவர். நான் கல் வைத்ததைப் பார்த்துவிட்டு, செவ்வாய்க்கிழமை தோறும் வேலைக்கு முன் அங்கே ஒரு கற்பூரம் கொளுத்துவார். நெற்றியில் விபூதி இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை. அந்த நெற்றியைப் பார்த்துத்தான் பிடித்தார்கள்.

இந்தக் கல் யார் வைத்தது என்று எல்லாருக்கும் முன்னால் அவரிடம் கேட்டார்கள். அவருக்கு நன்றாகத் தெரியும். நான் பத்து அடி தள்ளி நின்றேன். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“சாமி கல்லுங்க. யாரு வச்சா என்ன, நான் கும்புடுறேன்” என்றார்.

அதை மொழிபெயர்ப்பாளர் என்னவென்று சொன்னாரோ தெரியாது. வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஐந்து நாள் ஆகிறது. ஊரில் அவருடைய மனைவி பெரியாயிக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

தம்பி, நான் வாயைத் திறக்கவில்லை. துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு அவ்வளவு பயம். வருகிற முப்பதாம் திகதி திங்கட்கிழமை வரை பார்ப்பேன். அதற்குள் அவரை விடவில்லை என்றால் அதிகாரிகளின் அலுவலகத்துக்குப் போய், கல் என்னுடையது, படம் எடுத்தது நான் என்று சொல்லிவிடுவேன். அதன் பிறகு என்ன நடக்கும் என்று யோசிக்காமல் இருக்கப் பார்க்கிறேன்.

அம்மாவிடம் சொல்லாதே.

அக்கா


26.03.2026

அக்காவுக்கு,

எங்கும் போகாதே. எதுவும் சொல்லாதே. எல்லாம் முடிந்துவிட்டது.

அந்த அரசாங்கம் கம்பெனிக்குக் கடைசித் தவணை கொடுத்தது. பெயர் வராவிட்டால் இந்த விளையாட்டு மட்டும் இல்லை, கம்பெனியின் எல்லா விளையாட்டையும் அங்கேயும் அவர்களுக்கு வேண்டிய மற்ற நாடுகளிலும் நிறுத்திவிடுவார்களாம். கம்பெனி ஆடிப்போய்விட்டது. கல்லை எடுத்தது நான் என்று கணினியில் பதிவாகியிருந்ததையும் கண்டுபிடித்துவிட்டார்கள். கொழும்புக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, என் முன்னால் ஒரு தாளை வைத்தார்கள். ரிஸ்கா மிஸ் என் முகத்தைப் பார்க்காமலேதான் பேசினார்.

“ஒரு பேரக் குடுங்க துஷாந்த். ஃபைல மூடிருவாங்க. இல்லாட்டி உங்க முழு விவரத்தையும் அவங்களுக்கு அனுப்பச் சொல்லி மேல இருந்து வந்திருக்கு.”

முழு விவரம் என்றால் என்ன தெரியுமா? அப்பாவின் பெயர், அப்புத்தளை முகவரி. பெருமாள் துஷாந்த் என்று ஒருவன் இருந்தால், அந்தத் தொழிற்சாலையில் பெருமாள் கலாராணி யார் என்று கண்டுபிடிக்க அவர்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

உன் கடிதம் அப்போது என் சட்டைப் பையில் இருந்தது. நான் மாடசாமி என்று எழுதினேன். பம்ப் வீட்டில் வேலை செய்கிறவர், அவர்தான் எனக்குப் படங்களை அனுப்பினார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அவரை ஏற்கெனவே பிடித்துவிட்டார்கள். நான் எழுதாவிட்டாலும் அவர் உள்ளேதான் இருப்பார். நீயாவது வெளியே இரு. இரண்டு பேர் உள்ளே போவதால் யாருக்கு என்ன லாபம்? பஸ்ஸில் பதுளை வரும் வரைக்கும் இதையேதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். இப்போது உனக்கும் சொல்கிறேன். என்னைத் திட்டு, அடி, பேசாமல் இரு. உயிரோடு வந்து சேர்.

துஷாந்த்


31.03.2026

துஷாந்துக்கு,

உன் கடிதம் இன்று மாலைதான் கைக்கு வந்தது. உன் கையெழுத்தை நேற்றே பார்த்துவிட்டேன்.

நேற்றுக் காலை நான் அந்த அலுவலகத்துக்குப் போனேன். கல்லை நான் வைத்தேன், படமும் நான்தான் எடுத்தேன், என் தம்பி வரைந்தான் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அந்த அதிகாரி கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். கீழே உன் கையெழுத்து. பெ. துஷாந்த். ஆறாம் வகுப்பில் நான் பழக்கிய கையெழுத்து. உன் விவரம் எதுவும் அதில் இல்லை, நீ என் தம்பி என்பதற்கு அத்தாட்சி என்ன என்று கேட்டார்கள். வாளியில் செத்த போனைத்தான் நான் அத்தாட்சியாகச் சொல்ல முடிந்தது. அதை எப்போதோ குப்பையில் போட்டுவிட்டேன்.

அவர்கள் சிரித்தார்கள். மாடசாமி என்ற அந்த ஆளுக்கும் உனக்கும் என்ன உறவு என்று கேட்டார்கள். எந்த மாதிரிக் கேட்டிருப்பார்கள் என்று உனக்கே தெரியும். பொய் சொல்லி விசாரணையைக் குழப்பினேன் என்று என் விசாவை ரத்து செய்துவிட்டார்கள். ஏப்ரல் பத்தாம் திகதி வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்குக் கட்டுநாயக்காவில் இறங்குகிற விமானத்தில் அனுப்புகிறார்கள்.

நீ நினைத்தது நடந்துவிட்டது. நான் வீட்டுக்கு வருகிறேன்.

மாடசாமி அண்ணனுடைய வழக்கு எட்டாம் திகதி புதன்கிழமை. இராணுவ நீதிமன்றம். உன் தாள் ஒன்றுதான் சாட்சி. பதினைந்து வருடம் கொடுப்பார்கள் என்று மேற்பார்வையாளர் சொல்கிறார். அதைவிடப் பெரிய தண்டனையும் கொடுக்கலாமாம்.

கேட்டுக்கொள். நீ இரண்டு காரியம் செய்ய வேண்டும். பெரியாயியின் வீடு கொஸ்லந்தைப் பக்கத்தில், மண்சரிவுக்குப் பிறகு கட்டிக் கொடுத்த வீடுகளில் இருக்கிறது. அங்கே போய், நீ எழுதியதை உன் வாயால் சொல். பிறகு உண்மையை எழுதி, முழுப் பெயரும் முகவரியும் போட்டு, கம்பெனிக்கும் அந்த நாட்டுத் தூதரகத்துக்கும் நம்முடைய பத்திரிகைகளுக்கும் அனுப்பு. நான் அனுப்பிய நாற்பது படமும் உன் கணினியில் இருக்கும், திகதியோடு. அவற்றையும் சேர்த்து அனுப்பு. புதன்கிழமைக்கு முன்னால் போக வேண்டும்.

வெள்ளிக்கிழமை வரை பொறுத்து, நான் இறங்கிய பிறகு அனுப்பலாம் என்று உனக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. நேற்று முழுக்க அதை மட்டும்தான் யோசித்தேன். புதன்கிழமைக்குப் பிறகு அனுப்பினால் அது வெறும் காகிதம்.

எனக்குப் பயமாக இருக்கிறது, துஷாந்த். ஆனாலும் அனுப்பு.

அக்கா


07.04.2026, செவ்வாய்க்கிழமை

அக்காவுக்கு,

உன் கடிதம் நேற்று மாலை கிடைத்தது. இன்று விடிந்ததும் பஸ் ஏறினேன். கொஸ்லந்தையில் இறங்கிக் கேட்டதும் வீட்டைக் காட்டினார்கள்.

பெரியாயி அக்கா வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். அவருக்குச் செய்தி போயிருந்தது, ஆனால் காரணம் தெரியாது. கலாராணியின் தம்பி என்றதும் உள்ளே கூப்பிட்டுக் கதிரை போட்டார். உங்க அக்கா பத்திரமா இருக்கா என்று முதலில் அதைத்தான் கேட்டார். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். விளையாட்டு, படம், கல், தாள். அவருக்கு விளையாட்டு என்பது விளங்கவில்லை. தாள் விளங்கியது.

கையில் இருந்த விறகுத் துண்டை அவர் கீழே வைக்கவில்லை. அவர் அதால் என்னை அடித்திருந்தால் நல்லது என்று நினைத்தேன். நேற்றிரவே போனில் எழுதி, கணினியில் இருந்த படங்களையும் அதில் ஏற்றி வைத்திருந்தேன்; எழுதியதை வாசித்துக் காட்டினேன். இதை இப்போது அனுப்பினால் உன்னை விமான நிலையத்தில் பிடிக்கலாம், வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அனுப்பினால் நீ வந்துவிடுவாய் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். இனி யாரிடமும் எதையும் மறைக்க எனக்குத் தெம்பு இல்லை.

“ஒங்க அக்கா என்ன சொல்லுது?” என்று கேட்டார்.

அனுப்பச் சொல்கிறது என்றேன்.

“அப்ப அனுப்புங்க தம்பி.”

அந்த வீட்டுக்குள் சிக்னல் இல்லை. பிரதான வீதி வரைக்கும் ஏறி வந்தோம். அவர் என் பக்கத்திலேயே நின்றார். பிற்பகல் இரண்டு இருபதுக்கு அனுப்பினேன். நாற்பது படமும் போய் முடிய பதினொரு நிமிடம் ஆனது. ஒவ்வொரு படமாகப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். இடையில் நிறுத்தலாம் என்று ஒரு பட்டன் இருந்தது. என் விரல் இரண்டு முறை அதன் மேல் போனது, அக்கா. உன்னிடம் பொய் சொல்லமாட்டேன்.

இதுவரைக்கும் யாரும் பதில் போடவில்லை. ரிஸ்கா மிஸ் மட்டும் ஐந்து தரம் கூப்பிட்டார், நான் எடுக்கவில்லை. வேலை இனி இருக்காது. நாளை எட்டாம் திகதி. அங்கே அதை யாராவது திறந்து பார்ப்பார்களா என்று தெரியாது. பார்த்தால் உனக்கு என்ன ஆகும் என்றும் தெரியாது. அம்மாவிடம் இன்று போய்ச் சொல்லப்போகிறேன்.

இந்தக் கடிதத்தைப் பவாஸ் நானாவின் கடையில் கொடுக்கவில்லை. இனி அனுப்பினாலும் உனக்கு வந்து சேராது. வியாழக்கிழமை மாலையே கட்டுநாயக்காவுக்குப் போய் நிற்பேன். நீ வெளியே வந்தால் இதை உன் கையில் தருவேன்.

பெரியாயி அக்காவும் என்னோடு வருவேன் என்கிறார். யாரை எதிர்பார்த்து என்று நான் கேட்கவில்லை.

துஷாந்த்